தொடக்கக்கால ராக் அண்ட் ரோல் பாடல்களில் விடலைப் பருவத்தின் ஆற்றாமையும் கலகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுபவை எந்தக் காலத்துப் பாடல்கள்?

அமெரிக்காவில் 1955 முதல் 1959 வரை புகழ்பெற்ற பாடல்கள். கறுப்பின மக்களின் ரிதம் அண்ட் ப்ளூஸ் இசையும் தென் மாநில வெள்ளையர்களின் நாட்டுப்புற இசையும் கலந்து பிறந்த ராக் அண்ட் ரோல், அந்த ஐந்தாண்டுகளில்தான் பள்ளிப் பிள்ளைகளின் சொந்த இசையாக நாடெங்கும் பரவியது. அக்காலத்தில் வந்த பாடல்கள் எண்ணற்றவை. பிள்ளைகளின் பொருமலை நேராகப் பேசுகிற சிலவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

அந்தப் பாடல்களில் வரும் பிள்ளைகள் எதை எதிர்க்கிறார்கள்?

கலகம் என்ற சொல்லைக் கேட்டுவிட்டு, அரசையோ சமூக அமைப்பையோ எதிர்க்கும் குரலைத் தேடி வருபவர் முதலில் திகைத்துத்தான் போவார். பள்ளி மணி அடிக்க மாட்டேன் என்கிறது, முதலாளி கூடுதல் நேரம் வேலை செய்யச் சொல்கிறார், அப்பா கார் சாவியைத் தர மறுக்கிறார், குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டினால்தான் கைச்செலவுக்குக் காசு என்கிறார் அம்மா. இவைதான் அந்தப் பாடல்களின் குறைகள். ஆனால் ஒன்றை அடுத்து ஒன்றாகக் கேட்டுக்கொண்டே போனால், இந்தச் சின்னக் குறைகளுக்கு அடியில் ஒரே கேள்வி ஓடுவது தெரியும்: என் நேரம் யாருடையது?

இவற்றுள் பலவற்றில் ஒரு கடிகாரமோ நாட்காட்டியோ இருக்கிறது. ஒரு பாடலில் பிற்பகல் 3 மணி, இன்னொன்றில் அதிகாலை 4 மணி, வேறொன்றில் வெள்ளிக்கிழமை இரவு, மற்றொன்றில் அடுத்த ஞாயிறு. உழைக்கவும் சம்பாதிக்கவும் வயது வந்துவிட்டது, ஆனால் தன் பொழுதைத் தானே தீர்மானிக்க வயது வரவில்லை என்று சொல்லப்படும் அந்த இடைப்பட்ட பருவத்தின் ஆற்றாமைக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

‘கலக இசை’ என்ற பெயர் எப்படி வந்தது?

ஒரு திரைப்படத்தால் வந்தது. பாடகர் பில் ஹேலியும் அவருடைய குழுவினரும் 1954 ஏப்ரலில் நியூயார்க்கில் பதிவு செய்த ‘ராக் அரவுண்ட் த க்ளாக்’, முதலில் வெளிவந்தபோது இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் கிடந்து, பெரிய கவனம் பெறாமல் போனது. அடுத்த ஆண்டு, நகரப் பள்ளி ஒன்றில் அடங்காத மாணவர்கள் ஆசிரியர்களை அலைக்கழிப்பதைக் காட்டும் ‘பிளாக்போர்டு ஜங்கிள்’ என்ற படத்தில் எழுத்துகள் ஓடும்போது அந்தப் பாடல் ஒலித்தது. 1955 ஜூலையில் அது அமெரிக்க இசைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்து எட்டு வாரங்கள் அங்கேயே நின்றது.

அந்தப் பாடலின் வரிகளில் கலகம் துளியும் இல்லை. ஒவ்வொரு மணிக்கும் ஆடுவோம், விடியும் வரை ஆடுவோம் என்பதுதான் முழுச் செய்தியும். பாடியவருக்கோ முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் படத்தில் கண்ட முரட்டு மாணவர்களும் காதில் விழுந்த தாளமும் பெற்றோர் மனத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சிறார் குற்றங்களைப் பற்றி அமெரிக்க செனட்டின் துணைக்குழு ஒன்று விசாரணை நடத்திக்கொண்டிருந்த காலம் அது என்பதால் அச்சம் வேகமாகப் பரவியது.

அதற்கு முந்தைய தலைமுறைக்கும் இதே மனக்குறைகள் இருந்திருக்குமே, பாடல்கள் மட்டும் ஏன் அப்போது வந்தன?

மனக்குறை பழையதுதான். அதைப் பாட்டாக வாங்கித் தனியாகக் கேட்கும் வசதி புதிது. போருக்குப் பிந்தைய செழிப்பில் பிள்ளைகள் கையில் சிறிது காசு புரண்டது. 1949இல் அறிமுகமான, நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிறிய இசைத்தட்டு, அந்தக் காசுக்குள் அடங்கியது. வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சி வந்து அமர்ந்ததும், அதுவரை குடும்பமே சுற்றியிருந்து கேட்ட வானொலி படுக்கையறைக்கும் காருக்கும் இடம் மாறியது. 1954 இறுதியில் ரீஜென்சி நிறுவனம் 49.95 டாலருக்கு டிரான்சிஸ்டர் வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சட்டைப்பைக்குள் வானொலி நுழைந்துவிட்டால் பிள்ளை எதைக் கேட்கிறது என்று அப்பாவுக்குத் தெரியப் போவதில்லை. அப்பாவைப் பற்றிய பாடலைக்கூட அவர் அறியாமல் கேட்கலாம்.

கறுப்பினப் பாடகர் சக் பெரியின் ‘ஸ்கூல் டேஸ்’ பாடலை ஏன் இவ்வளவு உயர்வாகப் பேசுகிறார்கள்?

ஒரு மாணவனின் முழு நாளையும் அப்படியே எடுத்து வைக்கிறது என்பதால். 1957இல் வெளிவந்த இந்தப் பாடல் காலையில் எழுந்து பள்ளிக்குப் போவதில் தொடங்குகிறது. வகுப்பில் நன்னெறி, அமெரிக்க வரலாறு, கணக்கு. தேறிவிட வேண்டும் என்று விரல் தேய எழுதிக்கொண்டிருக்கும்போது பின்வரிசைப் பையன் சும்மா இருக்க விடுவதில்லை. மணி அடிக்கிறது. உணவுக்கூடத்தில் உட்கார இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். சாப்பிட நேரமும் கிடைத்துவிட்டால் பேரதிர்ஷ்டம். மீண்டும் வகுப்பு, மீண்டும் புத்தகம். தன் முகம் எவ்வளவு கடுகடுப்பாக இருக்கிறது என்பது அந்த ஆசிரியைக்கே தெரியாது என்கிறான் பையன். அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு வகுப்பறையின் வெயிலும் சுண்ணக்கட்டித் தூசியும் நினைவுக்கு வரும்.

இதையெல்லாம் பெரி எப்படிப் பாடுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு வரியைப் பாடி நிறுத்துகிறார். உடனே அவருடைய கிட்டார் அந்த வரியின் ஓசையையே திருப்பிச் சொல்கிறது. ஆசிரியர் சொல்லச் சொல்ல வகுப்பு ஒருமித்துத் திருப்பிச் சொல்லும் பாடமுறை நம் காதுக்குப் பழக்கமானது. பாடலின் அமைப்பே அந்த ஓசையில் நடக்கிறது. கறுப்பினத் தேவாலயங்களில் ஒருவர் பாட மற்றவர்கள் எதிர்ப்பாட்டுப் பாடும் வழக்கமும் அதே அமைப்புதான், பெரி வளர்ந்ததும் அத்தகைய சூழலில்தான். அதனால்தான் பிற்பகல் 3 மணி அடித்ததும் பையன் ‘சுமையை இறக்கி வைக்கிறான்’ என்று வரும் இடம் வெறும் புத்தகப் பையோடு நின்றுவிடுவதில்லை. அது கறுப்பின மக்களின் பழைய பக்திப் பாடல்களில் விடுதலையைக் குறிக்கும் சொற்றொடர். பிறகு தெருமுனை, ஜூக்பாக்ஸ் இருக்கும் கடை, காசைத் துளைக்குள் போட்டதும் எழும் இசை. இறுதியில் பழைய நாட்களிலிருந்து என்னை மீட்டுவிடு என்று ராக் அண்ட் ரோல் இசையை நோக்கி வேண்டுகிறான். வேண்டுதலின் மொழியிலேயே ஒரு ஜூக்பாக்ஸைப் போற்றியதுதான் அந்தப் பாடலின் துணிச்சல் என்பேன்.

முப்பது வயதான ஒருவர் பள்ளி மாணவனின் மனத்தை எழுதியது உண்மையாகுமா, வியாபாரமாகுமா?

இரண்டும் ஆகும். பெரி 1926 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தவர். ‘ஸ்கூல் டேஸ்’ வெளிவந்தபோது அவருக்கு வயது 30, மணமாகிக் குழந்தைகளும் இருந்தன. இசைத்தட்டு வாங்குபவர்கள் யார் என்பதை நன்கு அறிந்தே அவர் அவர்களுக்காக எழுதினார். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும்படி அவர் உச்சரித்ததும் நாடெங்கும் உள்ள பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும் என்ற அக்கறையால்தான்.

ஆனால் அவருடைய இளமையைத் தெரிந்துகொண்டு கேட்டால், வெறும் வியாபாரம் என்று ஒதுக்க மனம் வராது. 1944இல் பள்ளியில் படிக்கும்போதே நண்பர்களுடன் சேர்ந்து ஆயுதம் காட்டிக் கொள்ளையடித்ததற்காகப் பிடிபட்டு, மிசூரி மாநிலச் சீர்திருத்தச் சிறையில் அடைக்கப்பட்டார். 1947இல் தம் 21ஆம் பிறந்தநாளன்றுதான் வெளியே வந்தார். அதன்பின் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், முடி அலங்காரக் கலை பயின்றார். மற்றவர்கள் பள்ளி மணிக்காகக் காத்திருந்த வயதில் சிறை மணியின்படி வாழ்ந்த ஒருவர், 3 மணிக்குக் கதவு திறப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1956இல் அவர் எழுதிய ‘டூ மச் மங்கி பிசினஸ்’ பாடலில் ஆலை வேலை, கடன், விற்பனைக்காரரின் நச்சரிப்பு, காசை விழுங்கிவிட்ட தொலைபேசி, இராணுவம், பெட்ரோல் நிலையம் என்று வளர்ந்தவர்களின் எரிச்சல்களை மூச்சுவிடாமல் அடுக்கியவரும் அவரே. பள்ளிக்கு வெளியே போனாலும் வேறொருவர் மணியடித்துக்கொண்டுதான் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

‘சம்மர்டைம் ப்ளூஸ்’ அரசியல் பாடலா?

பாடகர் எடி காக்ரன் இந்தப் பாடலைத் தம் மேலாளர் ஜெரி கேப்ஹார்ட்டுடன் சேர்ந்து எழுதி 1958இல் பதிவு செய்தபோது அவருக்கு 19 வயது. கோடை விடுமுறையில் ஒரு டாலருக்காக உழைத்துக்கொண்டிருக்கும் பையன், தன் தோழியைச் சந்திக்க நேரம் கேட்கிறான். முதலாளி, இன்றைக்குக் கூடுதல் நேரம் வேலை செய் என்கிறார். உடம்புக்கு முடியவில்லை என்று பொய் சொல்லி வீட்டில் இருந்தால், உழைக்காதவனுக்கு ஞாயிற்றுக்கிழமை கார் கிடையாது என்கிறார் அப்பா. வேலைக்குப் போனால் நேரம் இல்லை, போகாவிட்டால் கார் இல்லை. கடைசியில், என் வழக்கை ஐக்கிய நாடுகள் அவைக்கே கொண்டுபோகிறேன் என்று கிளம்புகிறவன், தன் தொகுதியின் அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினரை அழைக்கிறான். உதவி செய்ய ஆசைதான் தம்பி, ஆனால் உனக்கு இன்னும் ஓட்டுப் போடும் வயது வரவில்லையே என்கிறார் அவர்.

ஒவ்வொரு முறையும் அந்தப் பெரிய மனிதர் பேசும் இடத்தில் கிட்டாரும் கைத்தட்டலும் சட்டென்று நின்றுவிடும். அமைதியில் ஒரு கனத்த குரல் மட்டும் தீர்ப்புச் சொல்லும். சொல்லி முடித்ததும் தாளம் மீண்டும் புறப்படும். முதலாளி, தந்தை, அரசியல்வாதி ஆகிய மூவரின் குரலும் காக்ரனுடையதே. மூவரும் ஒரே குரலில் பேசுவதாக அமைத்ததில், பதவிகள் வேறானாலும் மறுப்பு ஒன்றுதான் என்ற செய்தி தானாகவே வந்து விழுகிறது. அமெரிக்காவில் வாக்களிக்கும் வயது அப்போது பொதுவாக 21. பதினெட்டாகக் குறைத்த அரசியலமைப்புத் திருத்தம் 1971இல்தான் வந்தது. ஆகவே பாடல் கட்சி அரசியல் பேசவில்லை என்றாலும், பேச்சுரிமை இல்லாத உழைப்பாளியின் நிலையை ஏறக்குறைய இரண்டு நிமிடங்களில் சொல்லி முடிக்கிறது. அமெரிக்கப் பட்டியலில் 8ஆம் இடம் வரை சென்றது. காக்ரன் 1960 ஏப்ரலில், இங்கிலாந்தில் இசைப் பயணம் செய்தபோது நடந்த கார் விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 21.

பிள்ளைகள் பேசாமல் பெற்றோர் மட்டுமே பேசும் பாடலும் உண்டாமே?

கோஸ்டர்ஸ் குழுவின் ‘யாக்கட்டி யாக்’. ஜெரி லீபர், மைக் ஸ்டோலர் என்ற இணை எழுதி உருவாக்கிய இது, 1958 ஜூலையில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றது. லீபரும் ஸ்டோலரும் அப்போது 25 வயதினர். கறுப்பின இசையில் ஊறிய யூத இளைஞர்கள்.

பாடல் முழுவதும் ஏவல்தான். பழைய காகிதங்களையும் குப்பையையும் வெளியே கொண்டுபோ, இல்லாவிட்டால் கைச்செலவுக்குக் காசு இல்லை. அடுக்களைத் தரையைத் தேய், அறையைப் பெருக்கு, இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை இரவு வெளியே போக முடியாது. துணி துவைக்கும் கடைக்குப் போ. வந்ததும் நாயை உள்ளே விடு, பூனையை வெளியே விடு. முறைத்துப் பார்க்காதே, வெளியே நிற்கும் உன் போக்கிரி நண்பனிடம் சுற்றப் போக நேரமில்லை என்று சொல்லிவிடு. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பிள்ளைகளின் பங்காக வருவது பாடலின் தலைப்புச் சொல் மட்டுமே. நம் வீட்டு மொழியில் சொன்னால் ‘தொணதொண’ என்பது. அதற்கும் உடனே ஆழ்ந்த தொண்டையில் பதில் விழுகிறது: எதிர்த்துப் பேசாதே.

பேசக் கூடாது என்று சொல்லப்பட்ட பிள்ளையின் மறுமொழியை சாக்சபோன் பேசுகிறது. கிங் கர்ட்டிஸ் வாசித்த அந்தத் துண்டு, கோழி கொக்கரிப்பதைப்போல விட்டு விட்டு, வெடுக்கு வெடுக்கென்று வருகிறது. அதை யாரும் வாய்க்கு வாய் பேசுவதாகக் குற்றம் சாட்ட முடியாது. ஒரு சொல்கூட இல்லாமல் இவ்வளவு தெளிவாக எதிர்த்துப் பேசிய வாத்தியத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

வேலையே கிடைக்காத இளைஞர்களின் குரல் இருந்ததா?

இருந்தது. ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த சில்லூயட்ஸ் என்ற கறுப்பினக் குழுவின் ‘கெட் எ ஜாப்’, 1958 தொடக்கத்தில், பொருளாதார மந்தநிலை நிலவிய மாதங்களில், முதலிடம் பெற்றது. தினமும் காலையில் எழுப்பிவிட்டு வேலை தேடு என்கிறார்கள். செய்தித்தாளை வரி விடாமல் படித்தும் வேலை இல்லை. வீட்டுக்கு வந்தால் பொய் சொல்கிறாய் என்று ஏசுகிறார்கள். பின்னணியில் ஒலிக்கும் பொருளற்ற அசைகளின் குதூகலத்தில் பலருக்கு இந்தக் கவலை காதில் விழுவதே இல்லை.

எந்தப் பாடல்கள் தடை செய்யப்பட்டன?

தேசிய அளவிலான தடை என்று ஏதும் இல்லை. வானொலி நிலையங்கள் தனித்தனியே மறுத்தன. எவர்லி சகோதரர்கள் 1957இல் பாடிய ‘வேக் அப் லிட்டில் சூசி’ பாடலைப் பாஸ்டன் நகரில் சில நிலையங்கள் ஒலிபரப்பவில்லை. காரில் அமர்ந்தபடி பார்க்கும் திரையரங்குக்குப் போன இருவர், படம் சலிப்பூட்டியதால் தூங்கிப்போய், அதிகாலை 4 மணிக்கு விழிக்கிறார்கள். இரவு 10 மணிக்குள் வீடு திரும்புவதாகப் பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள். தவறு ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் யார் நம்புவார்கள்? குற்றமே செய்யாதவர்களின் அச்சத்தைப் பாடிய பாடலைக் குற்றமாகக் கண்டது, அந்த அச்சம் நியாயமானது என்பதையே நிறுவியது.

லிங்க் ரே 1958இல் வாசித்த ‘ரம்பிள்’ பாடலுக்குச் சொற்களே கிடையாது. தெருக் கும்பல்களின் சண்டையைக் குறிக்கும் கொச்சைச் சொல் அதன் தலைப்பு. ஒலிபெருக்கியின் தாளைத் துளையிட்டுக் கரகரப்பாக்கிய கிட்டார் ஓசை, வன்முறையைத் தூண்டும் என்று அஞ்சி சில நிலையங்கள் அதை ஒதுக்கின.

எதிர்ப்புக்கு நிறவெறியும் காரணமா?

ஆம், இதைத் தவிர்த்துவிட்டு அக்காலத்து எதிர்ப்பைப் புரிந்துகொள்ளவே முடியாது. வெள்ளையின, கறுப்பினப் பிள்ளைகள் ஒரே இசைக்கு ஒரே இடத்தில் ஆடுவதுதான் தென் மாநிலங்களில் பலரைக் கொதிப்படையச் செய்தது. தென்னக அரங்குகளில் நடுவே கயிறு கட்டி இரு இனத்தாரையும் பிரித்து நிறுத்தும் வழக்கம் இருந்தது. 1956இல் அலபாமாவின் வெள்ளையர் அமைப்பு ஒன்று ஜூக்பாக்ஸ்களிலிருந்து இந்த இசைத்தட்டுகளை அகற்றக் கோரி இயக்கம் நடத்தியது. 1957இல், வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீட் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில், 14 வயதுப் பாடகன் ஃப்ராங்கி லைமன் ஒரு வெள்ளையினச் சிறுமியுடன் ஆடினான். தென்னக நிலையங்கள் கொந்தளித்தன. நிகழ்ச்சி விரைவில் நிறுத்தப்பட்டது.

‘ஸ்கூல் டேஸ்’ வெளிவந்த அதே 1957இன் செப்டம்பரில், ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்களை, வெள்ளையருக்கு மட்டுமாக இருந்த பள்ளிக்குள் அழைத்துச்செல்லக் கூட்டாட்சிப் படை தேவைப்பட்டது. பெரியின் பாடலில் வரும் மாணவனின் நிறம் எங்கும் சொல்லப்படவில்லை. கறுப்பினத்தாருக்கு மட்டுமான பள்ளியில் படித்தவர் எழுதிய பள்ளி நாள், எல்லா நிறத்துப் பிள்ளைகளுக்கும் தங்கள் நாளாகவே தோன்றியது. சட்டம் பிரித்து வைத்திருந்த இருவரை ஒரே மணியோசைக்காகக் காத்திருக்க வைத்ததை மிகப் பெரிய காரியமாகவே நான் மதிக்கிறேன்.

பெண் பிள்ளைகளின் ஆற்றாமை எங்கே?

பெரும்பாலும் ஆண்களின் வரிகளுக்குள்தான், இது பெரிய குறை. பெரி 1958இல் பாடிய ‘ஸ்வீட் லிட்டில் சிக்ஸ்டீன்’, இசை நிகழ்ச்சிக்குப் போக அப்பாவிடமும் அம்மாவிடமும் கெஞ்சும் 16 வயதுப் பெண்ணைக் காட்டுகிறது. இரவில் உதட்டுச் சாயமும் உயர்ந்த குதிகாலும் அணிபவள், காலையில் மறுபடி வகுப்பறைப் பிள்ளையாகிவிட வேண்டும். இரட்டை வாழ்க்கையின் நெருக்கடியைச் சரியாகப் பிடித்த பாடல்தான், ஆனாலும் பார்ப்பது வளர்ந்த ஆணின் கண். பெரியே பின்னர் 14 வயதுச் சிறுமி தொடர்பான வழக்கில் தண்டனை பெற்று 1962, 1963ஆம் ஆண்டுகளில் சிறையில் இருந்தார் என்பதை அறிந்தவர்கள் அந்தப் பாடலை முன்புபோல் கேட்க முடிவதில்லை. வாண்டா ஜாக்சன் போன்ற சில பெண்கள் உரத்த குரலில் பாடினார்கள். ஆனால் நான் உன் உடைமை அல்ல என்று ஒரு பெண் நேருக்கு நேர் சொல்லிப் பெருவெற்றி பெற, 17 வயது லெஸ்லி கோர் ‘யூ டோன்ட் ஓன் மீ’ பாடும் 1963ஆம் ஆண்டின் இறுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

புதிதாகக் கேட்பவர் எந்த வரிசையில் கேட்கலாம்?

முதலில் ‘ஸ்கூல் டேஸ்’. வரிகளைப் பின்பற்றாமல், ஒவ்வொரு வரிக்கும் பின் கிட்டார் சொல்லும் பதிலை மட்டும் ஒரு முறை கேளுங்கள். அடுத்து ‘யாக்கட்டி யாக்’, சாக்சபோனுக்காக. பிறகு ‘சம்மர்டைம் ப்ளூஸ்’, தாளம் நிற்கும் இடங்களுக்காக. கடைசியாக, பெரி 1959இல் பாடிய ‘ஆல்மோஸ்ட் க்ரோன்’. பள்ளியில் ஒழுங்காகத்தான் இருக்கிறேன், எந்த வம்புக்கும் போனதில்லை, சின்னதாய் ஒரு காரும் வாங்கப் போகிறேன், என்னைச் சும்மா விடுங்கள், நான் ஏறக்குறைய வளர்ந்துவிட்டேன் என்கிறான் பையன். இறுதிச் சுற்றில் அவனுக்குத் திருமணம் ஆகி, அதே ஊரில் குடும்பமாகக் குடியிருக்கிறான். அப்போதும் அவன் சொல்வது அதையேதான்: என்னைச் சும்மா விடுங்கள், நான் ஏறக்குறைய வளர்ந்துவிட்டேன்.